மேரி கார்ப்பெண்டர் அம்மையார்

சென்னையினின்று தெற்கே புகைவண்டியிற் செல்வோர் செங்கற்பட்டை அணுகுங்கால், ஒருபுறம் கொளவாய் ஏரியின் பரந்த நீரையும், அதனை அடுத்துப் பழைய கோட்டையொன்றின் சிதைந்த மதிலையும் காண்பர். விசயநகர மன்னர் காலத்தில் எழுந்ததும், 1752-ம் ஆண்டில் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியதுமான கோட்டை அது. சரித்திரம் பயின்ற மாணவர் இவ்வளவும் அறிவர். ஆயினும், 1887-ம் ஆண்டில் அவ்விடத்தே குற்றம் புரிந்த சிறுவர்க்கென ஒரு சீர்திருத்தப் பாடசாலை நிறுவப்பட்டதென்பதை அறிந்தவர் சிலரே. அதற்கு வித்திட்ட சட்டம் தோன்றுவதற்குப் பெரிதும் உழைத்தவர், கடல் கடந்த பிரிஸ்டல் நகரத்தில் வாழ்ந்த மணமாகாத மாது ஒருவர் என்பதை அறிந்தவர் அவரினும் சிலர். அப்பாடசாலை தோன்றியபோது அவர் காலமாகிப் பத்தாண்டுகள் கழிந்திருந்தன. அவ்வம்மையாரின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேரி கார்ப்பெண்டர் 1807-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3-ம் தேதி இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரில் பிறந்தார். தந்தையார் லாண்ட் கார்ப்பெண்டர், யூனிட்டேரியன் சபைப் போதகர், பள்ளிக்கூடமும் நடத்தியவர். மூத்த மகளாகிய மேரிக்குப் பத்து வயதானபோது குடும்பம் பிரிஸ்டலுக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் தையலும் இசையும் பயின்றாற் போதுமென்று கருதப்பட்ட அக்காலத்தில், அவர் தந்தையாரின் மாணவரோடு ஒருங்கிருந்து இலத்தீன், கிரேக்கம், கணிதம், இயற்கை நூல் ஆகியவற்றைக் கற்றார். 1829-ம் ஆண்டில் தாயாரும் சகோதரிகளும் துணைநிற்கப் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். இவ்வாறே அவருடைய வாழ்வு ஒரு சிறு பள்ளியின் ஆசிரியையாகக் கழிந்திருத்தல் கூடும். 1833-ம் ஆண்டு அதனை மாற்றியது.

அவ்வாண்டில் இருவர் பிரிஸ்டலுக்கு வந்தனர். ஒருவர் வங்க நாட்டு இராஜா ராம்மோகன் ராய். மேரி அவரைக் கண்டு அளவளாவிய சில நாட்களுக்குள் அவர் காய்ச்சலுற்று, செப்டம்பர் 27-ம் தேதி அந்நகர்ப் புறத்திலேயே உயிர்நீத்தார். இந்தியாவைப் பற்றிய நினைவு மேரியின் உள்ளத்தில் அன்று வேரூன்றியது. மற்றவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஏழைகளிடையே தொண்டு புரிந்த ஜோசப் டக்கர்மன். அவரும் மேரியும் ஒருநாள் ஏழைகள் நெருங்கி வாழும் தெருவொன்றில் நடந்து செல்கையில், கந்தையுடுத்த சிறுவன் ஒருவன் அவர்கள் முன்னே ஓடி ஒரு சந்தினுள் மறைந்தான். அச்சிறுவனை அவன் வீடுவரை பின்தொடர்ந்து சென்று பார்க்கவேண்டும் என்று டக்கர்மன் கூறினார். வேறொருவர் கேட்டிருப்பின் அவ்வார்த்தை காற்றோடு போயிருக்கும். மேரிக்கோ அஃது ஆயுள் முழுவதும் செய்தற்குரிய கட்டளையாயிற்று.

குற்றம் செய்த பிள்ளையை நீதிமன்றத்திற் பார்த்தால் குற்றம் மட்டுமே தெரியும். வீட்டிற் சென்று பார்த்தால் பிள்ளை தெரியும். அம்மையார் செய்த தொண்டு அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவேயாம்.

1835-ல் ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்று உதவும் சங்கமொன்றை அவர் அமைத்து, அதன் காரியதரிசியாகப் பல்லாண்டு உழைத்தார். 1840-ல் நோய்வாய்ப்பட்டுப் பிரயாணம் செய்த தந்தையார், நேப்பிள்ஸுக்கு அப்பால் கப்பலினின்று கடலில் வீழ்ந்து மாண்டார். அத்துயரம் மேரியை நெடுநாள் வாட்டியது. 1846-ம் ஆண்டு ஆகஸ்டில், பிரிஸ்டலில் லூயின்ஸ் மீட் என்னும் பகுதியில், வேறெப் பள்ளியும் ஏற்காத கந்தையுடைச் சிறுவர்க்கென ஒரு பாடசாலையைத் திறந்தார். வந்த பிள்ளைகளிற் பலர் பாதுகாவலற்றோர். சிலர் சிறைக்கும் சென்று மீண்டவர்.

அக்காலத்து இங்கிலாந்தில் பத்து வயதுச் சிறுவனும் முதிர்ந்த கள்வனும் ஒரே சிறையில் அடைக்கப்படுதல் வழக்கம். அப்பம் திருடியவனும் பூட்டுடைத்தவனும் ஒரே தண்டனைக்குள்ளாயினர். சிறையினின்று வெளிவந்த சிறுவன் முன்னறியாத தீத்தொழில் பலவற்றை அங்கே கற்று வந்தான். இதனைக் கண்ட அம்மையார் தாம் நேரில் ஆராய்ந்தவற்றைத் திரட்டி, 1851-ம் ஆண்டில் சீர்திருத்தப் பாடசாலைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகள் அனைவரையும் ஒரே கூட்டமாகக் கருதுதல் தவறு என்பது அந்நூலின் அடிப்படை. வறுமையாற் கல்வியிழந்தவர்க்கு இலவசப் பகற்பள்ளி வேண்டும்; தெருவில் அலைந்து குற்றத்தின் விளிம்பில் நிற்பவர்க்கு உணவும் தொழிலும் அளிக்கும் பள்ளி வேண்டும்; குற்றம் செய்து தண்டனைக்குரியவரானவர்க்குச் சிறையன்று, சீர்திருத்தப் பள்ளி வேண்டும் என அவர் மூவகையாகப் பிரித்துக் காட்டினார். ஒரே மருந்தை எல்லா நோய்க்கும் கொடுக்கும் மருத்துவனை நாம் நம்புவதில்லை. ஒரே சிறையை எல்லாச் சிறுவர்க்கும் அளித்த அரசை மட்டும் எவ்வாறு நம்புவது?

அவ்வாண்டு டிசம்பரில் பர்மிங்ஹாமில் இப்பொருள் பற்றி ஒரு மகாநாடு கூடியது. அதனைக் கூட்டுவதில் அம்மையார் முன்னின்றார். ஆயினும், மகளிர் பொது மேடையில் பேசுதல் தகாதென்ற அக்கால எண்ணத்தால் அங்கே அவர் வாய் திறக்கவில்லை. 1852-ல் பாராளுமன்றக் கமிட்டியின் முன் சாட்சி கூறும்போது அத்தயக்கம் அகன்றது. அதே ஆண்டில் பிரிஸ்டலை அடுத்த கிங்ஸ்வுட் என்னும் இடத்தில், முன்னர் ஜான் வெஸ்லி நடத்திய பள்ளிக் கட்டிடத்தில், தாமே ஒரு சீர்திருத்தப் பாடசாலையைத் தொடங்கினார்.

தொடக்கம் எளிதாயிருக்கவில்லை. ஆணும் பெண்ணும் ஒரே இல்லத்தில் வளர்வது குடும்பம் போலாகும் என்று அவர் எண்ணியது பொய்த்தது, ஒழுங்கு குலைந்தது, பிள்ளைகள் சிலர் ஓடிப்போயினர். அம்மையார் தம் பிழையை மறைக்காமல் முறையை மாற்றிக்கொண்டார். 1854-ல் கவி பைரனின் மனைவியார் விலைக்கு வாங்கி உதவிய ரெட் லாட்ஜ் என்னும் பழைய மாளிகையில் பெண்களுக்கென ஒரு தனிப் பாடசாலை திறக்கப்பட்டது. பெண்களுக்கென்றே அமைந்த முதற் சீர்திருத்தப் பள்ளி அதுவே என்பர். அவ்விடத்திலேயே தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை அவர் செலவிட்டார். 1858-ல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் தம் மகளாகவும் ஏற்று வளர்த்தார்.

அங்கே அவர் கையாண்ட முறை யாது? வந்த ஒவ்வொரு பெண்ணின் முன்வரலாற்றையும் விசாரித்தறிவார். அன்றாடம் நிகழ்வனவற்றைத் தம் கையாலேயே குறித்து வைப்பார். பிள்ளையின் சம்மதத்தைப் பெறாமல் அதன் மனத்தைத் திருத்தவொண்ணாது என்பது அவர் கொள்கை. அஞ்சி அடங்குதல் வேறு, மனமிசைந்து மாறுதல் வேறு என்பதை அவர் ஒருபோதும் மறந்திலர். உணவு, உறக்கம், தூய்மை, விளையாட்டு, உடல் வருந்திச் செய்யும் தொழில், தனக்கென ஒரு சிறு பொருள், தன்னை நம்பும் ஒரு மனிதர் ஆகிய இவை குற்றவாளிப் பிள்ளைக்கு மருந்தென அவர் கருதினார். அவரிடம் கண்டிப்பும் இல்லாமலில்லை. தம் கருத்தே சரியென்று நிற்கும் பிடிவாதமும் அவருக்கு உண்டு. பெண் மக்களை வீட்டு வேலைக்கே பயிற்றுவித்தது அக்காலத்தின் குறுகிய நோக்கு எனலாம். ஆயினும் தண்டிப்பதற்கு முன் அறிந்துகொள் என்னும் அவரது கோட்பாடு காலத்தைக் கடந்து நின்றது.

1854-ல் பாராளுமன்றம் இளங்குற்றவாளிகள் சட்டத்தை இயற்றியது. அம்மையாரின் உழைப்புக்கு அது பெரும் வெற்றி. ஆனால் அவ்வெற்றியிலும் ஒரு குறை இருந்தது. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுமுன் சிறுவன் பதினான்கு நாட்களேனும் சிறையில் இருத்தல் வேண்டுமென்று சட்டம் விதித்தது. குற்றத்திற்கு விலை கொடாமல் பள்ளிக்குப் போதல் நீதியன்று என்று பலர் வாதித்தனர். முதலில் புண்ணாக்கிப் பின் மருந்திடுவதை ஒப்பாத அம்மையார் இறுதிவரை அவ்விதியை எதிர்த்தார். அஃது அடியோடு நீங்கியது 1899-ம் ஆண்டில். அவர் மறைந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து.

இனி நம் நாட்டோடு அவர்க்கு நேர்ந்த தொடர்பைக் கூறுவோம். ராம்மோகன் ராய் மூட்டிய நினைவு முப்பத்துமூன்று ஆண்டு அணையாதிருந்து, 1866-ம் ஆண்டு செப்டம்பரில், ஐம்பத்தொன்பதாம் வயதில், அவரைப் பம்பாய்க் கரையில் இறக்கியது. ஆமதாபாத், சென்னை, கல்கத்தா முதலிய நகரங்களுக்குச் சென்று, பெண் கல்வி, சிறைச்சாலை, சிறுவர் சீர்திருத்தம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தார். பெண் ஆசிரியைகளைப் பயிற்றும் போதனா பாடசாலைகள் வேண்டுமென்று ஊர்தோறும் வற்புறுத்தினார். சிறைகளில் நெருக்கத்தையும், கல்வியின்மையையும், பெண் கைதிகளைக் காக்கப் பெண் அதிகாரிகள் இல்லாமையையும் கண்டு வருந்தினார். அக்காலத்தில் இந்தியாவில் குற்றம் செய்த சிறுவனுக்குப் பொதுவாக இருந்தவை இரண்டே வழிகள்: ஒன்று வளர்ந்தவரோடு சிறை, மற்றொன்று 1864-ம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த கசையடி. பம்பாயில் 1857 முதல் நடந்து வந்த டேவிட் ஸஸூன் தொழிற்பள்ளி போன்றன அரிய விலக்கு.

அம்மையார் நான்கு முறை இந்தியாவிற்கு வந்தார். தாம் கண்டதை 1868-ல் இரண்டு பாகங்களாக நூல் எழுதி வெளியிட்டார். 1870-ல் பிரிஸ்டலில் தேசீய இந்தியச் சங்கத்தை நிறுவினார். ராஜப் பிரதிநிதிகளையும் மந்திரிகளையும் ஓயாது வேண்டினார். ஈண்டு ஒன்று சொல்லுதல் முறை. அவர் நம் மொழிகளை அறியாதவர். ஆளும் இனத்தின் கண்கொண்டே பலவற்றை நோக்கியவர். ஏழைச் சிறுவனின் வீடுவரை பின்தொடர்ந்து செல்க என்னும் விதியை அவர் பிரிஸ்டலில் நிறைவேற்றியதுபோல் இங்கே நிறைவேற்றல் இயலவில்லை. இருப்பினும் அவர் இறுதியாக வந்து சென்ற 1876-ம் ஆண்டிலேயே இந்தியச் சீர்திருத்தப் பாடசாலைச் சட்டம் பிறந்தது. பதினாறு வயதுக்குட்பட்ட குற்றவாளியை இரண்டு முதல் ஏழாண்டு வரை சிறைக்கு மாறாகப் பள்ளியில் வைக்கலாமென்று அது வகுத்தது. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் அம்மையார் உறக்கத்திலேயே உயிர்துறந்தார். ராம்மோகன் ராயின் சமாதி அமைந்த ஆர்னோஸ் வேல் மயானத்திலேயே அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

அச்சட்டத்தின் பயனாகவே 1887-ல் செங்கற்பட்டுப் பாடசாலை எழுந்தது. சென்னை மாகாணத்தின் பல ஜில்லாக்களினின்றும் தீர்ப்புப் பெற்ற சிறுவர் அங்கே கொண்டுவரப்பட்டு, எழுத்தறிவும் தச்சு முதலிய தொழில்களும் பயின்றனர். 1897-ம் ஆண்டுச் சட்டம் விதிகளைத் திருத்தியது. 1920-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகச் சென்னை மாகாணம் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி செங்கற்பட்டுப் பள்ளி சான்றிதழ் பெற்ற பாடசாலையாயிற்று. வங்காளமும் பம்பாயும் நம்மைப் பின்பற்றிச் சட்டம் செய்தன. இது நம் மாகாணத்தின் பெருமை.

எனினும் அக்காலத்திலேயே இதற்கு நேர்மாறான சட்டமொன்றும் நாட்டில் நிலவியதை மறத்தல் ஆகாது. 1871-ல் தோன்றி, 1911-ன் பின் சென்னை மாகாணத்திலும் பரவிய குற்றப் பரம்பரைச் சட்டம், குலத்தைக் கொண்டே மக்களைக் குற்றவாளிகளென முத்திரையிட்டது. ஒரு சட்டம் பிள்ளையைத் தனியே பார்க்க முயன்றது. மற்றொன்று பார்ப்பதற்கு முன்னரே தீர்ப்பளித்தது. சென்னையில் 1947-ல் அது ஒழிந்தது. அவ்வெண்ணம் அதனோடு ஒழிந்ததா என்பதை நாம் நம் மனத்தையே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

அம்மையார் உள்ளுணர்வாற் கண்டதைப் பின்வந்த மருத்துவரும் உளநூல் வல்லாரும் சாஸ்திரமாக்கினர். 1909-ல் சிக்காகோ நகரில் வில்லியம் ஹீலி என்னும் மருத்துவர், சிறுவர் நீதிமன்றத்திற்கு வரும் பிள்ளைகளை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் கண்டார். உடற்கூறு, அறிவின் அளவு, குடும்ப வரலாறு, பிள்ளை தானே கூறும் கதை ஆகிய நான்கையும் சேர்த்து நோக்கினார். இலண்டனில் சிரில் பர்ட் 1925-ல் வெளியிட்ட நூல், குற்றத்திற்கு ஒரே காரணம் என்பதில்லை, பல காரணங்கள் ஒருங்கு கூடியே அது விளைகிறது என்று காட்டியது. நோயையும், நோயின் முதலையும், அது தணியும் வாயிலையும் நாடியறிந்த பின்னரே மருத்துவம் செய்க என்று திருவள்ளுவர் வகுத்த நெறி இதுவேயன்றோ?

ஒரு சிறுவன் வகுப்பில் விடைகூறாது வெறித்து நோக்கினால் அவன் முரடன் எனலாம். செவிப்புலன் குன்றியவனாகவும் இருக்கலாம். திடீரென வெறிகொண்டு பிறரைத் தாக்கினால் கொடியன் எனலாம். காக்காய் வலிப்போ, போதைப் பொருள் நின்றதால் வரும் தவிப்போ, சிறு வயதிற் பட்ட அடியின் நினைவோ காரணமாகலாம். இரவில் உறங்காதவனைக் காவலாளி தொல்லை என்பான். மருத்துவன் துயரம் என்பான். இவற்றைப் பிரித்தறிவதே பரிசோதனை. அறிந்தபின் ஒருவனுக்குக் கண்ணாடியும், ஒருவனுக்கு மருந்தும், ஒருவனுக்கு எழுத்தறிவும், ஒருவனுக்குத் தன் தாயைக் காணும் வாய்ப்பும், பலர்க்குப் பொறுமையோடு செவிசாய்க்கும் ஒருவருமாகச் சிகிச்சை வேறுபடும்.

இக்காலத்துச் சட்டமும் இதனையே வேண்டுகிறது. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பிள்ளையின் குடும்ப நிலையையும் ஆராய்ந்து சமூக விசாரணை அறிக்கை தருதல் வேண்டும். தனித்தனியே பராமரிப்புத் திட்டமும் வகுத்தல் வேண்டும். பதினாறு வயது நிரம்பிப் பதினெட்டு நிரம்பாதவர் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படின், அவர்தம் மனநிலையையும் உடல்நிலையையும் இளைஞர் நீதிக் குழுமம் மதிப்பிட்ட பின்னரே, வளர்ந்தவரைப் போல் விசாரிப்பதா என்பது முடிவாகும். அம்மதிப்பீடு நுண்ணியதென்றும், உளவியல் அறிந்தோர் துணையோடு செய்தற்குரியதென்றும் உச்ச நீதிமன்றம் 2022-ல் தெளிவுறுத்தியது. ஒரு பிள்ளையின் எதிர்காலம் ஓர் அறிக்கையைப் பொறுத்திருக்குமாயின், அவ்வறிக்கையை எழுதும் கை எவ்வளவு பொறுப்புடையதாயிருத்தல் வேண்டும்!

ஆனால் சட்டம் தாளில் உள்ளது. பிள்ளையோ காவலில் உள்ளான். 2022-ம் ஆண்டின் இறுதியில், செங்கற்பட்டில் அரசினர் நடத்தும் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர் சிலர் கைது செய்யப்பட்டனர். இதன் பின்னர் இத்தகைய இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைத் தமிழக அரசு 2023-ல் நியமித்தது; அவரும் அவ்வாண்டிலேயே தம் அறிக்கையை அளித்தார். எவ்வூரில் சிறைக்கு மாற்றாக ஒரு பள்ளி எழுந்ததோ, அவ்வூரிலேயே இது நிகழ்ந்தது. 1965 முதல் மருத்துவக் கல்லூரி ஒன்று நடந்துவரும் ஊரும் அதுவே. பிள்ளையை ஆராய்ந்தறியும் அறிவு அவ்வூருக்குத் தொலைவில் இல்லை. அவ்வறிவும் காவலில் உள்ள பிள்ளையும் நாள்தோறும் சந்திக்குமாறு செய்தலே எஞ்சியுள்ள வேலை. பெயர்ப்பலகையை மாற்றுவதாற் சிறை பள்ளியாகாது. பிள்ளையை அறிந்துகொள்ளும் மனிதர் உள்ளே இருந்தாலன்றி, எவ்வில்லமும் மதிலும் பூட்டுமேயாம்.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் விடுமுறை நாட்களில் செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றத்தின் வழியே மாமல்லபுரம் சென்று மீள்கின்றோம். அங்கே கடற்கரையை அடுத்து நிற்கும் பாறைகளில், முற்றும் செதுக்கப்பட்டவற்றோடு பாதியில் நின்றனவும் பல உள. உச்சி முதல் இடைவரை உருவம் தெளிந்து, கீழே கல்லாகவே நிற்கும் கோயில்களைக் கண்டிருப்பீர்கள். அவற்றைக் கண்டு கல் தீயதென்று எவரும் கூறுவதில்லை. வேலை நின்றுபோயிற்று என்றே கூறுகின்றோம். தேர்ந்த சிற்பி உளியை வைக்குமுன் கல்லைத் தட்டி ஒலி கேட்பான்; அதன் ஓட்டத்தையும் பிளவையும் கண்டறிவான். காவலிலுள்ள சிறுவரும் வேலை பாதியில் நின்ற பிள்ளைகளே.

நம் கல்லூரியினின்று வெளியேறுவோரில் சிலர் மருத்துவராவர், சிலர் வழக்கறிஞரும் நீதிபதிகளுமாவர், சிலர் ஆசிரியராவர், நன்னடத்தை அலுவலராகவோ இல்லக் கண்காணிப்பாளராகவோ பணியேற்போரும் இருப்பர். என்றாவது ஒருநாள் ஒரு சிறுவன் உங்கள் மேசையின் முன் நிறுத்தப்படுவான். அவன் செய்தது இன்னதென்று ஒரு காகிதம் கூறும். அக்காகிதத்தைப் படித்ததும் எழுதுகோலை எடுத்துவிடாதீர்கள். பிரிஸ்டல் தெருவில் ஓடி மறைந்த சிறுவனையும், அவனைத் தேடி நாற்பத்துநான்கு ஆண்டுகள் நடந்த அம்மையாரையும் ஒருமுறை நினைந்து, உங்கள் முன் நிற்பவன் எவ்வீட்டிலிருந்து வந்தானென்று முதலிற் கேளுங்கள்.